செத்துப்போன ஒரு வினைச்சொல்லும் திரிஞ்ச பாலும்

கேள்வி: ஜெர்மன் கத்துக்கிட்டிருக்கேன் சார். 'வேர்டன்'னு ஒரே வினைச்சொல், 'ஆகுறது'க்கும் அதுதான், எதிர்காலத்துக்கும் அதுதான், செயப்பாட்டு வினைக்கும் அதுதான். இங்கிலீஷ்ல இதுக்கு உறவுக்காரச் சொல் ஒண்ணுகூட இல்லையா?

பதில்: இருந்துச்சுங்க, செத்துப்போச்சு. பழைய இங்கிலீஷ்ல 'வெயோர்தன்', டச்சுல இன்னைக்கும் 'வோர்டன்'. இங்கிலீஷ்காரங்க அதைக் கைவிட்டுட்டு 'பிகம்'மைப் பிடிச்சுக்கிட்டாங்க, அதுக்கு முதல்ல அர்த்தமே ஒரு இடத்துக்கு வந்து சேர்றதுதான்!

இதோட வேர் அர்த்தம் 'திரும்புறது'. லத்தீன் 'வெர்தெரே', சமஸ்கிருத 'விருத்' எல்லாம் ஒரே குடும்பம், அந்த விருத் வழியா வந்ததுதான் நாம சொல்ற பரிவர்த்தனையும், பாட்டுல வர்ற விருத்தமும். திரும்புறது எப்படிங்க ஆகுறதா மாறும்னு கேப்பீங்க, பால் திரிஞ்சு போச்சுன்னு சொல்றோமே, திரியுறதுன்னா சுத்துறதும்தான், ஒண்ணு இன்னொண்ணா மாறிப்போறதும்தான், அதே கதைதான் அங்கேயும்.

செத்த சொல்லோட எலும்பு இன்னும் கிடக்கு. 1611-ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல எசேக்கியேல் 30:2-ல 'வோ வொர்த் த டே'ன்னு வரும். ரொம்ப நாள் நானும் அந்த வொர்த்தை 'மதிப்பு'ன்னே நினைச்சு மண்டையை உடைச்சுக்கிட்டேன், அது நம்ம வெயோர்தன், 'அந்த நாளுக்குக் கேடு வரட்டும்'னு அர்த்தம். அப்புறம் 'வியர்ட்'. இதுவும் அந்த வேர்தான், முதல்ல 'விதி'ன்னு பொருள். மேக்பெத் நாடகத்துல வர்ற 'வியர்ட் சிஸ்டர்ஸ்' விசித்திரமான பொம்பளைங்க இல்ல, விதி சொல்றவங்க. விசித்திரம்ங்கிற அர்த்தம் பின்னாடி ஒட்டிக்கிட்டது.

கேள்வி: பழைய இங்கிலீஷ்ல அவன் ஆனான்னா 'வெயர்த்', அவங்க ஆனாங்கன்னா 'வுர்டொன்'னு படிச்சேன். நடுவுல 'த' எப்படி 'ட' ஆச்சு?

பதில்: நல்ல கண்ணு உங்களுக்கு! ஜெர்மன், டச்சு, இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பத்துல பழைய மெய்யொலிகள் எப்படி மாறிச்சுன்னு கிரிம்ங்கிற ஜெர்மன் மொழியறிஞர் ஒரு விதி சொன்னார். இந்த மாதிரி இடங்கள்லதான் அந்த ஒலி விதி ரொம்ப வருஷம் உதை வாங்கிச்சு. 1870-கள்ல டென்மார்க்காரர் கார்ல் வெர்னர் முடிச்சை அவிழ்த்தார், அழுத்தம் எந்த அசையில விழுதுங்கிறதுதான் காரணம்னு. ஜெர்மானிய மொழிகள்ல அந்தப் பழைய அழுத்தம் போயிடுச்சு, ஆனா வேத சமஸ்கிருதம் பத்திரமா வெச்சிருக்கு: அதே விருத்துக்கு ஒருமைல 'வவர்த', அழுத்தம் நடு அசையில, பன்மைல 'வவ்ருதிம', அழுத்தம் கடைசிக்குத் தாவிடும். அழுத்தம் அந்த ஒலிக்கு முந்தின அசையில இருந்தா 'த' அப்படியே நிக்கும், அதைத் தாண்டிப் போச்சுன்னா குழைஞ்சு 'ட' ஆயிடும், அவ்ளோதாங்க.