ஷெல்டர் அட்டையில் போட்டிருக்கும் இனத்தை நம்பலாமா?

கேள்வி: டாலஸில் வாடகை அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். ஷெல்டரில் ஒரு நாய் எங்களுக்குப் பிடித்துவிட்டது. அட்டையில் ‘லேப் கலப்பு’, அதாவது லாப்ரடார் கலப்பு, என்று இருக்கிறது. நண்பர்களோ பிட்புல் என்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் பிட்புல்லுக்குத் தடை. ஆறு வயது மகள் வேறு இருக்கிறாள். டி.என்.ஏ. சோதனை செய்துவிட்டு எடுக்கலாமா?

பதில்: சோதனைக்கு முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ‘பிட்புல்’ என்று மட்டும் இருக்கிறதா, ‘அதன் கலப்பும் கூடாது’ என்று இருக்கிறதா? பின்னது என்றால், டி.என்.ஏ. அறிக்கையில், பிட்புல் வகையில் சேர்க்கப்படும் அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷையர் டெரியர் கொஞ்சம் வந்தாலே சிக்கல்தான். எந்தத் தாளை வைத்து இனத்தை முடிவு செய்வார்கள் என்று மேலாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். நாயின் படத்தையும் அனுப்புங்கள். வாயால் சரி என்றால் போதாது, மேலாளர் நாளை மாறிவிடலாம். மறைத்து மட்டும் கூட்டிப் போகாதீர்கள். தெரிய வந்தால் அந்த நாய் மறுபடி கூண்டுக்குத்தான் போகும். டெக்சாஸில் நகர நிர்வாகமோ கவுன்டியோ இனத்தின் பேரில் நாயைத் தடை செய்ய முடியாது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது.

அட்டைக்கு வருகிறேன். தாய் தகப்பன் தெரியாத நாய் என்றால், அதில் இருப்பது சேர்க்கும்போது பார்த்தவரின் கண் மதிப்பீடு. 2015-இல் வெளியான புளோரிடா ஆய்வில், நான்கு ஷெல்டர்களின் பணியாளர்கள் 120 நாய்களைப் பார்த்து இனம் சொன்னார்கள். அவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு. 62 நாய்களை யாராவது ஒருவராவது பிட்புல் வகை என்றார், டி.என்.ஏ.வில் அப்படி வந்தவை 25 மட்டுமே. அந்த 25-இலும் ஐந்தில் ஒன்று எல்லார் கண்ணுக்கும் தப்பியது. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். முடியின் நீளம், சுருள், மீசை எல்லாம் பெரும்பாலும் மூன்றே மரபணுக்களின் வேலை. வெளித்தோற்றத்தை வைத்து வம்சத்தைச் சொல்ல யாராலும் முடியாது.

அந்தக் கண் மதிப்பீடு நாயின் தலையெழுத்தாகிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புளோரிடாவின் ஆரஞ்சு கவுன்டி ஷெல்டர் 2014-இல் அட்டையிலிருந்து இனத்தை நீக்கியது. அதன் பிறகு, பிட்புல் என்று முன்பு ஒதுக்கப்பட்ட அதே மாதிரி நாய்கள் கூடுதலாகத் தத்துப் போயின.

மகளைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் அதற்கு விடை இனத்தில் இல்லை. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்றது. அந்த நாய் குழந்தைகளோடு இருந்திருக்கிறதா, சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறதா, யாரையாவது கடித்திருக்கிறதா என்று ஷெல்டரில் கேளுங்கள். மகளையும் அழைத்துப் போய்ப் பழகவிட்டுப் பாருங்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கவும் பல ஷெல்டர்கள் சம்மதிக்கும். எடுத்த பிறகும், எவ்வளவு சாதுவான நாயானாலும், மகளையும் அதையும் தனியே விடாதீர்கள்.

முதல் தடுப்பூசிக்குப் போகும்போது கால்நடை மருத்துவமனையின் வரவேற்பில் கணினியில் ஏதாவது ஓர் இனத்தைத் தட்டிவிடுவார்கள். ரேபிஸ் சான்றிதழில் அதுவே ஏறும். அபார்ட்மென்ட் அலுவலகமும் காப்பீட்டு நிறுவனமும் அதையே பார்க்கும். வம்சம் தெரியாத நாயைக் ‘கலப்பினம்’ என்றே பதியச் சொல்லுங்கள்.