கிராமத்து ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு நூலகம் கட்ட விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சிறுவர் நூலகம் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்: கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள். கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி சுவருக்கும் கூரைக்கும் போய்விட்டால், புத்தகம் வாங்கவும், நாள்தோறும் மாலையில் கதவைத் திறந்து குழந்தைகளோடு உட்காரும் ஒருவருக்கு ஊதியம் தரவும் எதுவும் மிஞ்சாது. 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பல பின்னாளில் பூட்டியே கிடந்தன. உங்கள் ஊராட்சியிலும் அப்படியொன்று இருக்கக்கூடும். முதலில் அதை விசாரியுங்கள். கட்டடமே இல்லாத ஊரானாலும் கவலை வேண்டாம். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை தொடங்கிய நூலகம் ஒரு மாட்டு வண்டியில்தான் ஊர் ஊராகச் சென்றது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீங்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். நம் கிராமங்களில் ஊர்ப் பகுதியும், தலித் மக்கள் வாழும் காலனியும் தனித்தனியே இருக்கின்றன. கோயில் மண்டபத்திலோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்போடு தர முன்வரும் வீட்டுத் திண்ணையிலோ நூலகம் அமைந்தால், யாரும் வாய்திறந்து தடுக்காவிட்டாலும் காலனிக் குழந்தைகள் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பள்ளி வளாகம், ஊராட்சிக் கட்டடம் போன்று எல்லோருக்கும் உரிமையுள்ள பொது இடம் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காவிட்டால் காலனியிலேயே தொடங்குங்கள் என்பேன். ஊர்ப் பகுதியிலிருந்து சில பெற்றோர் தொடக்கத்தில் பிள்ளைகளை அனுப்பத் தயங்கலாம். ஆனால் வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத குழந்தைக்கு அருகில் நூலகம் இருப்பதுதான் நியாயம். பெண் குழந்தைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரத்தையும், தெருவிளக்குள்ள வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலகம் தொடங்குகிறோம் என்று அறிவித்தவுடன் பழைய புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வரும். போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பெரியவர்களுக்கான நாவல்கள், கனமான ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள் ஆகியவையே அவற்றில் மிகுதியாக இருக்கும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு வேண்டியவை பெரிய எழுத்தும், பக்கம் நிறைந்த படமும், சில வரிகளும் கொண்ட தமிழ்ப் புத்தகங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா, பாரதி புத்தகாலயம் ஆகியவற்றின் சிறுவர் நூல்களிலிருந்து நீங்களே படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இருநூறு தலைப்புகள், எவரோ கழித்து அனுப்பிய இரண்டாயிரத்தைவிட அதிகம் படிக்கப்படும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றித் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் வகுப்பில் படித்தும் சரளமாக வாசிக்க வராத பிள்ளைகள் பலர் வருவார்கள். அலமாரியில் ‘ஒன்றாம் வகுப்புக்கு’ என்று ஒட்டிவைத்தால், தமக்கு ஏற்ற புத்தகம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தும் வெட்கத்தால் அவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வகுப்பைக் குறிப்பிடாமல் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைப் படிநிலைப்படுத்தியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நீங்களும் அதைப் பின்பற்றலாம். அட்டைப்படம் முழுவதும் தெரியும்படி, சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவைத்தாலே போதும்.

புத்தகங்களைக் கட்டாயம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். சில கிழியும், சில காணாமற்போகும். அதற்காக அபராதம் விதிக்காதீர்கள், ஐந்து ரூபாய்கூட வேண்டாம். கூலி வேலைக்குப் போகும் தாய், காசு கேட்பார்களோ என்று அஞ்சினால், “இனிமே புத்தகமே வாங்கி வராதே” என்று சொல்லிவிடுவார். அத்தோடு அந்தக் குழந்தை நூலகத்துக்கே வராமல் நின்றுவிடும். ஆண்டுதோறும் தொலைவதற்கும் கிழிவதற்கும் ஈடாகப் புதுப் புத்தகங்கள் வாங்க ஒரு தொகையைச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குப் பிறகு பல குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் பிள்ளைகளோடு புறப்பட்டுவிடுகின்றன. திரும்பி வரும்போது அப்பிள்ளைகளுக்குப் படித்த எழுத்தே மறந்திருக்கும். ஆகவே, புறப்படும்போதே ஒவ்வொரு பிள்ளையிடமும் சில புத்தகங்களைக் கொடுத்தனுப்புகிறோம். அவற்றுள் பாதி திரும்பி வராவிட்டாலும் அது வீண்செலவு என்று நான் நினைக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், நூலகத்தை நடத்தும் ஆள். உள்ளூரிலேயே பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணைத் தேடுங்கள். எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசவும் அவரால் முடியும். நாள்தோறும் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும். பதிவேடு எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சேவை மனப்பான்மை என்ற பெயரில் அவரைச் சம்பளமின்றி வேலை வாங்காதீர்கள். இரண்டு ஆண்டு ஊதியத்துக்கான பணம் உறுதியாகும்வரை திறப்பு விழாவைத் தள்ளிவையுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நண்பர்கள் ஒரே தடவையாகப் பெருந்தொகை தர முன்வந்தால், அதையே மாதத் தவணையாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் ஊராட்சி ஏற்க வேண்டுமென்றால் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. முன்கூட்டியே மனு கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தீர்மானம் நிறைவேறியதும் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.