என்கிறார்கள்!

கேள்வி: 147573952589676412927 என்ற 21 இலக்க எண் பகு எண் என்கிறார்கள். ஒன்றை விட்டுவிட்டு எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினாலும் பகு எண்தானே வரும்? இதில் என்ன பெருமை?

பதில்: பெருமை இருக்கட்டும், 'என்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அவர்கள்? இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் நான் அடித்துத் தள்ளும் சொல் இது. ஒருமுறை ஒரே கட்டுரையில் 14 இடத்தில் அடித்தேன். எழுதியவர் அன்றோடு கட்டுரை அனுப்புவதை நிறுத்திவிட்டார். கடிதம் மட்டும் தவறாமல் வருகிறது: 'உங்களுக்கு இலக்கணம் தெரியாது என்கிறார்கள்.'

உங்கள் எண்ணே இந்தச் சொல்லால் சீரழிந்ததுதான். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி அதைப் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போனார். எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்ற அந்தப் பட்டியலில் 67, 257 இரண்டும் தப்பு. இருக்க வேண்டிய 61, 89, 107 மூன்றும் இல்லை. 61-ஐத்தான் அச்சில் 67 ஆக்கிவிட்டார்கள் என்று அவருக்காக வாதாடியவர்களும் உண்டு. அச்சுக்கோப்பவர் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு பழைய வழக்கம், பாருங்கள்! சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் 257-ஐ எந்த அச்சுக்கோப்பவர் தலையில் கட்டுவது?

1876-இல் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் உங்கள் எண் பகா எண் இல்லை என்று நிரூபித்தார். வேடிக்கை என்னவென்றால், அதை எந்த எண் வகுக்கும் என்று அவருக்குத் தெரியாது. பகா எண்ணாக இருந்தால் நடந்தே தீர வேண்டிய ஒன்று இதில் நடக்கவில்லை; அது போதும். இலக்கணத்தில் பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டினால்தான் பகுபதம். எண்ணில் பிரிக்காமலேயே 'இது பிரியும்' என்று சொல்லிவிடலாம். இன்றும் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டின் 1048576-ஆவது அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 315653 இலக்கம் வரும். அது பகு எண் என்று 1980-களிலேயே தெரிந்துவிட்டது. ஒரு காரணிகூட இதுவரை கையில் சிக்கவில்லை.

உங்கள் எண்ணைப் பிரித்தவர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். மேடையேறினார், வாயே திறக்காமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 67 இரண்டுகளின் பெருக்கலைப் போட்டு ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றே. பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது. 'இரண்டே நிமிடம்' என்று தொடங்கி முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பேச்சாளர்களுக்கு இதை ஒருமுறை நடித்துக் காட்ட ஆசை.

கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். (இந்த 'ஆம்' இருக்கிறதே, 'என்கிறார்கள்' பெற்ற பிள்ளை. மேடைக் காட்சியும் இந்தப் பதிலும் கணிதர்களின் கதைகளை எழுதிய ஈ. டி. பெல் பிற்பாடு சொன்ன கதையாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அடிக்க மனமில்லை, விட்டுவிட்டேன்.)

எல்லா எண்ணையும் போட்டு வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வந்தாக வேண்டும். 134-ஐ 1445580-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள், கோல் பிடித்த சின்னக் காரணி வரும். இதை நானே போட்டுப் பார்த்தேன். பெரிய பெருக்கலையும் தொடங்கினேன். கடைசி மூன்று இலக்கம் 927 வந்தது, பேனாவை மூடிவிட்டேன். மீதி 18 இலக்கமும் சரி என்கிறார்கள்.