ஆங்கில ஓவியர் டர்னரின் டிராஃபல்கர் கடற்போர் ஓவியம்: கேள்வி பதில்

கேள்வி: 1805 அக்டோபர் 21-இல் பிரிட்டிஷ் கடற்படை பிரெஞ்சு, ஸ்பானிஷ் கப்பல்களை எதிர்த்த போரின் எந்த நேரம் இந்தப் படத்தில் இருக்கிறது?

பதில்: ஒரே நேரம் அல்ல. பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பலான விக்டரியின் சமிக்ஞைக் கொடிகள் நண்பகலுக்குச் சற்று முன் ஏறியவை. பின்பாய்மரத்தின் உச்சி முறிந்தது சுமார் 1 மணிக்கு. தூரத்தில் எரியும் பிரெஞ்சுக் கப்பல் அஷீல், மாலையில் வெடித்தது. முன்னால் மூழ்கும் இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் ரெடூட்டபிள் கடலுக்குள் போனதோ மறுநாள்! முன்பாய்மரம் சாய்வதற்கும் காரணம் உண்டு. வைஸ் அட்மிரலான நெல்சனின் பதவிக் கொடி பறப்பது அந்த மரத்தில்தான். அது சாய்ந்தால் நெல்சன் சாய்ந்தார் என்று பொருள்.

கேள்வி: அந்தக் கொடிகள் என்ன சொல்கின்றன?

பதில்: 'ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வர் என இங்கிலாந்து எதிர்பார்க்கிறது' என்ற செய்தியின் கடைசிச் சொல்லை, அதாவது 'கடமை'யை (ஆங்கிலத்தில் 'duty'). சொற்களுக்கு எண் கொடுத்து கொடிகளால் காட்ட உதவிய, கடற்படை அதிகாரி போபாமின் குறியீட்டு நூலில் அதற்குத் தனி எண் இல்லாததால் 4, 21, 19, 24 என எழுத்தெழுத்தாகக் காட்டினார்கள்.

கேள்வி: இந்தப் படத்தைப் பார்த்த மாலுமிகள் குறை சொன்னார்களாமே, ஏன்?

பதில்: கப்பல் தண்ணீருக்கு மேல் அதிகமாக எழும்பி நிற்கிறது என்றார்கள். நியாயம்தான், 104 பீரங்கிகளைச் சுமந்த கப்பல் அவ்வளவு உயரமாக மிதக்காது. பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் வரையச் சொன்ன படம் இது (1822–24). 1829-இல் ஓய்வுபெற்ற கடற்படை மாலுமிகளின் இல்லமான கிரீனிச் மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார். இதற்காக ஷெட்கி என்ற கடல் ஓவியரிடம் விக்டரியின் கோட்டோவியங்களைக் கேட்டு வாங்கியவர் டர்னர். அதனால் அந்த உயரம் அறியாமையால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கே பார்க்கலாம்?

பதில்: கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில். உயரம் சுமார் 2.6 மீட்டர், அகலம் 3.7. முதலில் தள்ளி நின்று பாருங்கள், பிறகு கீழ்ப்பகுதிக்கு நெருங்குங்கள். கடலில் தத்தளிக்கும் மனிதர்கள் அங்கேதான்.

கேள்வி: நகல் வரைகிறேன். பீரங்கிப் புகை சேறாகிவிடுகிறது.

பதில்: ஈரப் பூச்சின் மேல் வெள்ளையை இழுக்கிறீர்கள், அடியிலுள்ள பழுப்பு அதோடு கலந்துவிடுகிறது. வானத்தையும் கப்பலையும் டர்பென்டைன் கலந்து மெல்லியதாக முடித்து, ஒரு வாரமாவது காயவிடுங்கள். தொட்டால் ஒட்டக் கூடாது. பிறகு டைட்டானியம் வெள்ளையில் சிறிது மஞ்சள் ஓக்கர் கலந்து, பன்றிமயிர்த் தூரிகையில் எடுத்து, பாதியைத் துணியில் துடைத்துவிட்டு லேசாகத் தேயுங்கள். அடியிலுள்ள இருட்டு கசிந்து தெரியும்போது நீலச் சாம்பல் தானாக வரும். கறுப்பு சேர்த்தால் கெட்டது. பழைய முறை என்று பிட்டுமனை (தார் போன்ற பழுப்பு நிறப்பொருள்) தொடாதீர்கள். அது முழுதாகக் காயாது, மேல்பூச்சு வெடித்துவிடும்.