அமெரிக்க முன்னோடிக் குடியேறிகளின் வேர் தேடல்: கேள்வி-பதில்

கே: 1830, 1840 சென்சஸில் எங்கள் ஆளின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மனைவி, பிள்ளைகள் எங்கே?

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. அதையும் வீணாக்க வேண்டாம். 1830-இல் ‘5 முதல் 10-க்குள்’ கட்டத்தில் 2 பையன்கள் இருந்தால், 1840-இல் அவர்கள் ‘15 முதல் 20-க்குள்’ கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர் குறைந்தால், இறந்திருக்கலாம் அல்லது வேறு வீட்டில் வேலைக்குப் போயிருக்கலாம். அடிமைகள் தவிர மற்ற எல்லோர் பெயரும் 1850-இல்தான் வருகிறது; அந்த வயதுகளோடு பொருத்துங்கள். பலர் சறுக்குவதும் இங்கேதான். 1850, 1860 படிவங்களில் உறவுமுறைக்குக் கட்டமே கிடையாது, அது வந்தது 1880-இல். ஒரே வீட்டில் ஒரே குடும்பப் பெயரோடு இருக்கும் பையன் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 1840 பதிவின் இரண்டாம் பக்கத்தையும் பாருங்கள்: புரட்சிப் போர் (அமெரிக்க விடுதலைப் போர்) ஓய்வூதியர்களின் பெயரும் வயதும் அதில் உண்டு.

கே: ஹோம்ஸ்டெட் (குடியேறிப் பயிர் செய்பவருக்கு அரசு தந்த) நிலத்தின் பட்டா நகல் இணையத்தில் கிடைத்தது. இதற்கு மேல் என்ன?

பட்டாவில் பெயர், தேதி, நில விவரம் தவிர அதிகம் இராது. சரக்கு இருப்பது வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள விண்ணப்பக் கோப்பில். 1862 சட்டப்படி 160 ஏக்கர் வரை பெற 5 ஆண்டு குடியிருந்து பயிர் செய்து, 2 சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். அதனால் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், குடும்பத்தில் எத்தனை பேர் என்றெல்லாம் கோப்பில் வரும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளும் கூடவே. கோப்பைக் கேட்குமுன் பட்டாவிலிருந்து நில அலுவலகத்தின் பெயர், சான்றிதழ் எண், நில விவரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நில விவரத்தைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். ‘தென்கிழக்குக் கால், வடமேற்குக் கால், செக்‌ஷன் 12’ என்றால், முதலில் 640 ஏக்கர் கொண்ட 12-ஆம் செக்‌ஷன். அதன் வடமேற்குக் கால் 160. அதற்குள் தென்கிழக்குக் கால் 40. 5 ஆண்டு காத்திராமல் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முடித்தவர்களின் கோப்பு ரொக்க விற்பனை வரிசையில் கிடக்கும். ‘கோப்பு இல்லை’ என்று பதில் வந்தால் முதலில் அங்கே தேடச் சொல்லுங்கள்.

கே: 1785 வாக்கில் கென்டக்கிக்குப் போனவர். இன்றைய கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) ஒரு தாளும் இல்லையே?

அன்றைக்கு அந்தக் கவுண்டியே இருந்திருக்காது. கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. 1780-இல் அங்கே இருந்தவை ஃபேயெட், ஜெஃபர்சன், லிங்கன் என மூன்றே கவுண்டிகள். கவுண்டி பிரிந்தாலும் பழைய தாள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். மேலே பார்த்த செக்‌ஷன் போன்ற சதுர அளவையும் இங்கே இல்லை; மரம், ஓடை, பக்கத்து நிலக்காரர் என்று சக்குபந்தி போல எல்லை எழுதுவார்கள். அந்தப் பக்கத்து நிலக்காரர்களைத்தான் விடக்கூடாது. கூட்டமாகக் கிளம்பி வந்தவர்கள் என்பதால், உங்கள் ஆளின் பழைய ஊர் பலமுறை அவர்கள் வழியாகத்தான் பிடிபடும். கல்யாணப் பிணைப் பத்திரத்தில் (கல்யாணத்துக்குத் தடை இல்லை என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுப்பது) ஜாமீன் போட்டவர் பெண்ணின் அப்பாவாகவோ அண்ணன் தம்பியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மனைவி பெயர் தெரியவில்லையா? நிலம் விற்ற பத்திரத்தின் அடியில், விதவை உரிமையை (கணவர் இறந்தால் அவர் நிலத்தில் மனைவிக்கு உள்ள பங்கு) அவர் விட்டுக்கொடுத்த வாசகம் இருக்கிறதா பாருங்கள்.

கே: பிறந்த தேதி ‘11 பிப்ரவரி 1731/32’ என்கிறது. எது சரி?

இரண்டும்தான். 1752-க்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அதனால் அந்தப் பிப்ரவரி பழைய கணக்கில் 1731, இன்றைய கணக்கில் 1732. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை அப்படியே இரட்டை ஆண்டோடு பதியுங்கள், நீங்களாகத் திருத்த வேண்டாம்.

கே: பெயருக்குப் பின்னால் ‘ஜூனியர்’. அப்பா பெயரும் அதுதானே?

அவசியமில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவாகவோ உறவே இல்லாதவராகவோ மூத்தவர் இருக்கலாம். அவர் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அடுத்த ஆண்டு வரிப் பட்டியலில் இந்த ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார்.