ஸ்கேன் செய்த நூலைத் திரைவாசிப்பான் ஏன் படிப்பதில்லை?

கணினியிலோ கைபேசியிலோ உள்ள எழுத்துகளைப் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்குக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளே திரைவாசிப்பான்; விலையின்றிக் கிடைக்கும் என்விடிஏ தமிழையும் வாசிக்கும்.

அது எழுத்தை அறியும், எழுத்தின் படத்தை அறியாது. 1827இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ரோமன் ரோலண்டு நூலகம் போன்ற பழைய நூலகம் ஒன்றின் அரிய நூலை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினாலும், பக்கங்கள் வெறும் ஒளிப்படங்களாக இருக்கும்வரை திரைவாசிப்பானுக்கு அங்கே வாசிக்க எதுவும் இல்லை. பண்ருட்டிப் பலாவை அறுக்காமல் கையில் கொடுப்பதைப் போன்றது அது: பழம் வந்துவிட்டது, சுளை எட்டவில்லை.

எழுத்துணரி மென்பொருளால் படத்தை, எல்லாக் கணினிகளும் ஒன்றுபோல் அறியும் பொதுக் குறியீடான யூனிகோடு எழுத்தாக மாற்றி, தலைப்புகளைத் தலைப்புகளாகவே குறித்து, படங்களுக்கு விளக்கம் எழுதி, ஒருவர் மெய்ப்பும் பார்த்தால்தான் நூல் வாசிக்கத் தக்கதாகும். மெய்ப்பை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது என்பேன். பழைய அச்சில் ரகரமும் துணைக்காலும் இடம் மாறிப்போனால், செவிவழி வாசிப்பவருக்குச் சொல்லே உடைந்துவிடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பல கோப்புகளும், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே வேறு குறிகளாக இருப்பதால், பொருளற்ற ஒலியாகவே கேட்கும்.

இத்தகைய மாற்றத்துக்குப் பதிப்புரிமை தடை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக இலாப நோக்கமின்றி நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்ற இடமளிக்கிறது.