மாபூ வீட்டுக் குரல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் ரேங்கின் குடும்ப இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். மூன்று பெண்குரல்களும் சேரும் இடத்தில் எது யாருடையது என்று பிரிக்கவே முடியவில்லை. உடன்பிறந்தவர்கள் என்பதால் வாய்த்ததா? ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அமைந்த நாட்டுப்பாடலை அமெரிக்க கன்ட்ரி இசையோடு கலந்து கெடுத்துவிட்டார்கள் என்கிறார் என் நண்பர். அது சரியா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ரத்த உறவுக்குப் பங்கு உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குரலின் வாகு மட்டுமல்ல, உயிரெழுத்தை உச்சரிக்க வாய் திறக்கும் விதமும் ஒத்திருக்கும். ஒருவர் 'ஆ'வை அகலமாகவும் மற்றவர் குறுக்கியும் பாடினால், சுருதி சரியாக இருந்தாலும் குரல்கள் துருத்திக்கொண்டு நிற்கும். குக்கி, ரேலின், ஹெதர் மூவரிடமும் அந்தத் துருத்தல் இல்லை. ஆனால் பிறப்பைவிடப் பழக்கமே பெரிது என்று எனக்குப் படுகிறது. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் மாபூ என்ற சிற்றூரில் பன்னிரண்டு பிள்ளைகள் வளர்ந்த வீடு அது. மூத்தவர்கள் ஊர்த் திருமணங்களிலும் நடனங்களிலும் வாசித்தார்கள். அவர்கள் விலகியதும் இளையவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். 1989இல் முதல் தொகுப்பைத் தாங்களே வெளியிட்டபோது, சேர்ந்து பாடுவது அவர்களுக்குப் பழைய வேலையாகியிருந்தது.

இனி உங்கள் நண்பருக்கு. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலிருந்து, பலர் நிலத்தைவிட்டே துரத்தப்பட்டு, கேப் பிரெட்டன் தீவுக்கு வந்து குடியேறியவர்களின் பாட்டு இது. நெய்த கம்பளித் துணியை நனைத்து, நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அடித்து அடித்து இறுக்குவார்கள். அந்த வேலையினூடே ஒருவர் பாட்டின் அடிகளைப் பாட, மற்றவர்கள் பல்லவியை எடுத்துக்கொள்வார்கள். துணி மேசையில் மோதும் சத்தம்தான் தாளம். அங்கே எல்லோரும் பாடுவது ஒரே மெட்டு. மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல் என்று வேறு வேறு சுரங்களை அடுக்கும் முறை அந்த மரபில் கிடையாது. நீங்கள் வியந்து கேட்ட அந்த அடுக்கே ரேங்கின்கள் சேர்த்ததுதான். கலப்பு குற்றமென்றால் முதல் குற்றம் அது. அதையும் வேண்டாம் என்பாரா அவர்?

கெடுத்தார்கள் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். தீவின் ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கலைஞர்கள் மறைந்துவருகிறார்கள் என்று 1971இல் கனடிய ஒலிபரப்புக் கழகம் ஆவணப்படம் எடுத்தது. ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. 1973இல் தீவிலுள்ள கிளெண்டேலில் நூறு ஃபிடில் கலைஞர்களுக்கு மேல் திரண்டு வாசித்துக் காட்டினார்கள். அந்தச் சூட்டில் வளர்ந்தவர் இந்தப் பெண்களின் சகோதரர் ஜான் மோரிஸ் ரேங்கின். நடனமாடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கும் பழைய வாசிப்பு அவருடையது. கன்ட்ரி வானொலிகள் ஒலிபரப்பிய அதே குழுவில்தான் அவருடைய ஃபிடிலும் இருந்தது, கேலிக் பாடல்களும் இருந்தன. 1994இல் கனடாவின் இசை விருதான ஜூனோ குழுவுக்கு நான்கு கிடைத்தன. பேசுவோர் குறைந்துகொண்டே வந்த ஒரு மொழியின் பாடலை, அதில் ஒரு சொல்லும் அறியாதவர்கள் காசு கொடுத்து வாங்கிக் கேட்டார்கள். தூய்மை பேசி யாரால் இதைச் செய்திருக்க முடியும்?

ஜான் மோரிஸ் 2000இல் சாலை விபத்தில் இறந்தார். ரேலின் 2012இல் புற்றுநோயால். 'ரைஸ் அகெய்ன்' பாடலை நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். தீவுக்காரரான லியான் டுபின்ஸ்கி எழுதியது, ரேலின் முன்னின்று பாடியது. பல்லவியில் மற்றவர்கள் சேரும்போது மேல்குரலை விட்டுவிட்டு, அடியில் வரும் குரலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நண்பருக்கு 1989 தொகுப்பிலுள்ள ஒரு கேலிக் பாடலைப் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.